ஜீவராணி சுற்றிய ஸ்பிரிங்

பதுளை பஸாருக்குப் பின்னால் ஒரு சந்துக்குள் முன்ஸிப் நானாவின் பட்டறை இருக்கிறது. கடை ஷட்டர், தையல் மெசின், நெல் ஆலை, மோட்டார் சைக்கிள் ஸ்டாண்ட் என்று எதில் ஸ்பிரிங் உடைந்தாலும் சுற்றுவட்டாரத்தில் பாதிப்பேர் அங்கேதான் வந்து நிற்பார்கள். வந்தவர்கள் நானாவிடம் சலாம் சொல்லிவிட்டு, உள்ளே எட்டிப் பார்த்து, "அந்தப் புள்ள இருக்காளா?" என்று கேட்பார்கள். அந்தப் புள்ள ஜீவராணி. வலது கையில் கட்டைவிரலைத் தவிர அவளுக்கு வேறு விரல் கிடையாது. இடது கையால் கடைசல் பொறியின் பிடியைச் சுற்றி, வலது கட்டைவிரலால் கம்பியை வழிநடத்தி, அவள் சுற்றும் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றுக்கும் மறு சுற்றுக்கும் இடையில் ஒரு நூல் வித்தியாசம் இருக்காது.

அவள் பிறந்தது தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிய லயத்து வீடு ஒன்றில். கொழுந்து பறிக்கப் போனவளை, வேகமாகக் கை ஓடுகிறதென்று தேயிலை ஆலையான ஸ்டோருக்குள் எடுத்தார்கள். அங்கே பெரிய இலையை உடைக்கும் கட்டர் மெசினில் அவளை நிறுத்தினார்கள். அந்த மெசினுக்குக் கீழே இரும்பு மிதி ஒன்று உண்டு. காலால் மிதித்துப் பிடித்தால் பெல்ட் இறுகி மெசின் ஓடும். காலை எடுத்தால் ஸ்பிரிங் மிதியை மேலே இழுக்கும், பெல்ட் தளரும், மெசின் நின்றுவிடும். கை மாட்டினாலும் ஆள் மயங்கி விழுந்தாலும் மெசின் தானாக நிற்பதற்கென்றே செய்த ஏற்பாடு அது.

அந்த ஸ்பிரிங் ஒரு முறை உடைந்தபோது, ஸ்டோரின் மெசின் வேலைகளைப் பார்த்த அழகையா பாஸ், கையில் அகப்பட்ட ஏதோ லொறி ஸ்பிரிங்கை வெட்டி மாட்டிவிட்டார். அது யானைப் பலம். மிதித்துக்கொண்டே நின்றால் தொடை நடுங்கும். பெண்கள் முறையிட்டார்கள். சரியான ஸ்பிரிங் தேட அழகையாவுக்குப் பொறுமை இல்லை. ஒரு துண்டுக் கம்பியை எடுத்து, மிதியைக் கீழேயே இறுக்கிக் கட்டிவிட்டார்.

"இனிமே மிதிக்கவே வேணாம். போதுமா? வாய மூடிக்கிட்டு வேலையப் பாருங்க," என்றார்.

ஜீவராணியின் கை மாட்டிய அன்று அவள் காலை எடுத்தாள். பழக்கத்தில் எடுத்தாள். மிதி எழும்பவில்லை. மெசின் நிற்கவில்லை.

அவளைத் தூக்கிக்கொண்டு மற்றப் பெண்கள் வாசலுக்கு ஓடியபோது, அழகையா குனிந்து குறடால் அந்தக் கம்பியை வெட்டியதை அவள் பார்த்தாள். வெட்டிய கம்பியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டதையும் பார்த்தாள். நினைவு தப்புவதற்கு முன் அவள் கண்ணில் கடைசியாக விழுந்தது அதுதான். விசாரணைக்கு ஸ்டோர் பொறுப்பாளரான டீமேக்கர் வந்தபோது, அழகையா தலையை ஆட்டி ஆட்டிச் சொன்னார்: "கால் வலிக்குதுன்னு அவளே கட்டிப்புட்டா சார். கட்டாத கட்டாதன்னு நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்."

அவர் கம்பியை வெட்டியதைப் பார்த்தது தான் மட்டும்தான் என்று ஜீவராணிக்குத் தெரிந்தது. அவர் கட்டியதைப் பார்த்த பெண்களோ, வேலை போய்விடும் என்று வாயைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து லயத்துக்குத் திரும்பியவளை, "தன் கையத் தானே தின்னவ" என்று தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் பேசினார்கள். இராக்கம்மா என்பவள் அவள் காதுபடவே அதைச் சொன்னாள். கை போனதைவிட அந்தப் பேச்சுத்தான் ஜீவராணியைத் தோட்டத்தைவிட்டு விரட்டியது.

பதுளைக்கு வந்து, முன்ஸிப் நானாவின் பட்டறையில் கூட்டிப் பெருக்கவும் தேநீர் ஊற்றவும் சேர்ந்தாள். ஸ்பிரிங்குகளைக் கண்டதும் அவளுக்கு வேறு எதிலும் மனம் ஓடவில்லை. அந்த மிதிக்கு எவ்வளவு பலமுள்ள ஸ்பிரிங் போட்டிருக்க வேண்டும் என்ற கேள்வி அவளைச் சோறு தின்ன விடவில்லை. நானா கைப்பழக்கத்தில் சுற்றுகிறவர். "கம்பி தடிச்சா பலம், மெலிஞ்சா மெது. அவ்வளவுதான் புள்ள," என்பார். அது போதவில்லை அவளுக்கு. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நானாவின் மகள் இஸ்ராவைப் பிடித்து வைத்துக் கேட்டாள்.

இஸ்ரா சொன்னதைக் கேட்டு முதலில் அவள் நம்பவில்லை. கம்பியின் தடிப்பு இரண்டு மடங்கானால் ஸ்பிரிங்கின் பலம் இரண்டு மடங்காவதில்லை, பதினாறு மடங்காகிறது. சுருளின் அகலத்தை இரண்டு மடங்காக்கினால் பலம் எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது. சுற்றுகளை இரட்டிப்பாக்கினால் பாதியாகிறது. ஜீவராணி ஸ்பிரிங்குகளைக் கூரை விட்டத்தில் தொங்கவிட்டு, பெயின்ட் டின்னில் மணலை நிரப்பி மாட்டி, எவ்வளவு இழுபடுகிறதென்று அளந்து பார்த்தாள். கணக்குச் சரியாகவே வந்தது. நினைவிலிருந்த அளவுகளை வைத்து, அழகையா மாட்டிய லொறி ஸ்பிரிங் அந்த மிதிக்குத் தேவையானதைப்போல ஐந்து மடங்கு பலம் என்று கண்டுபிடித்த அன்று, அவள் பட்டறை மூலையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். கொஞ்சம் மெல்லிய கம்பி. அவ்வளவுதான். அதைத் தேட ஒருவனுக்குச் சோம்பல். அதற்குத் தன் கை.

அன்றிலிருந்து அவளுக்குள் ஒன்று இறுகிக்கொண்டே போனது. அழகையாவின் கையும் போக வேண்டும். சாமியிடம் அவள் வேறு எதையும் கேட்டதில்லை.

வருடங்கள் போயின. ஒரு நாள் காலை, நானா வங்கிக்குப் போயிருந்த நேரம், வாசலில் ஒரு குரல் கேட்டது.

"கடையில யாரு? ஒரு ஸ்பிரிங் செய்யணும்."

கடைசலிலிருந்து தலை நிமிராமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது. முடி நரைத்திருந்தது, முதுகு கொஞ்சம் கூனியிருந்தது. குரல் அதேதான். ஜீவராணி வலது கையைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டு எழுந்து வந்தாள். அழகையா அவள் முகத்தை நேருக்கு நேர் பார்த்தார். பார்த்தும் அடையாளம் தெரியவில்லை. ஸ்டோரில் அவர் எந்தப் பெண்ணின் முகத்தைத்தான் பார்த்திருக்கிறார்!

"ஓய்வு எடுத்துக்கிட்டு லுணுகலையில இருக்கேன்மா. மாடு வளர்க்கிறேன். மாட்டுக்குப் புல் வெட்டுற மெசின் ஒண்ணு போட்டிருக்கேன். ஸ்டோர்ல இருந்த மாதிரியே மிதி வச்சி நானே செஞ்சது," என்று பெருமையாகச் சொல்லி, ஒரு ஸ்பிரிங்கை மேசையில் போட்டார். "இது மொரடு. மிதிச்சா கால் மரத்துப்போகுது. இதே அளவுல, லேசா ஒண்ணு வேணும்."

"யாரு மிதிக்கிறது?" என்று கேட்டாள் ஜீவராணி. ஸ்பிரிங் செய்கிறவள் கேட்க வேண்டிய கேள்விதான்.

"வேற யாரு? நாந்தான்."

சாமியிடம் கேட்டது பட்டறை வாசலுக்கே வந்து நிற்கிறது. மிதியின் எடை, மிதித்தண்டின் நீளம், பெல்ட்டின் இறுக்கம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவரும் உற்சாகமாகச் சொன்னார். நாலு நாள் கழித்து வரச் சொல்லி அனுப்பினாள்.

அவர் போன பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டாள். மிதியைத் தூக்க எவ்வளவு வேண்டும் என்று கண்டாள். புல் வெட்டும் மெசினில் பச்சைச் சாறும் தூசியும் சேர்ந்து அச்சில் பிசின்போல அப்பிக்கொள்ளும். அந்தப் பிசினையும் மீறி மிதி சட்டென்று எழும்ப, அதற்குமேல் கொஞ்சம் பலம் வேண்டும். அந்தக் கொஞ்சத்தை மட்டும் அவள் எடுத்துவிட்டாள். கம்பி பத்தில் ஒரு பங்கு மெலிந்தால் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. துடைத்துவைத்த மெசினில் மிதி ஒழுங்காக எழும்பும். சாறு அப்பிய மெசினில் எழும்பாது. இத்தனை கவனமாக அவள் எந்த ஸ்பிரிங்கையும் அதற்கு முன் சுற்றியதில்லை.

வாங்க வந்தவர், அவள் நீட்டிய கையைப் பார்த்துவிட்டார்.

"கையில என்னம்மா?"

"மெசின்ல போச்சு."

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போதாவது தெரியுமா என்று பார்த்தாள். அழகையா நாக்கைத் தட்டினார்.

"கவனமா இருக்கணும்மா. நம்ம கவனமா இருந்தா மெசின் ஒண்ணும் செய்யாது."

ஒரு வேளை அதைச் சொல்லாமல் போயிருந்தால் கடைசி நேரத்திலாவது அவள் ஸ்பிரிங்கைத் திரும்பப் பிடுங்கியிருப்பாளோ என்னவோ. "சரிங்க. கவனமா கொண்டு போங்க," என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு லுணுகலை பஸ் வரும் நேரமெல்லாம் அவள் காது வாசலில்தான் இருந்தது. யாராவது வந்து, "அங்க ஒரு மனுசனுக்கு மெசின்ல கை போயிருச்சாம்" என்று சொல்ல மாட்டார்களா? நல்ல சேலை கட்டினாள். பாட்டுக்கூட முணுமுணுத்தாள். "என்ன புள்ள, மொகமெல்லாம் வெளிச்சமா இரிக்கி?" என்று நானா கேட்டபோது சிரித்துக்கொண்டாள்.

வந்தது அந்தச் செய்தியல்ல. ஒரு மத்தியானம், இளம்பெண் ஒருத்தி ஆஸ்பத்திரிக்கு வந்த வழியில் பட்டறைக்குள் நுழைந்தாள். கையில் ஒரு சட்டி தயிர்.

"அக்கா, நான் மதுஷா. லுணுகலையில அழகையா மாமாவோட மருமக. நீங்க செஞ்சு குடுத்த ஸ்பிரிங் ரொம்ப நல்லா இருக்கு. ஒங்களுக்குத்தான் இந்தத் தயிர். என் கால் பொழச்சிச்சு."

ஜீவராணிக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. "ஒன் காலா? மெசின்ல நீயா நிக்கிற?"

"நாந்தானே. வீட்டுக்காரர் வேலைக்குக் கட்டார் நாட்டுக்குப் போயிட்டாரு. மாமா மாட்டப் பாக்குறாரு, புல் வெட்டுறதெல்லாம் நான்."

"அவரு, தான் மிதிக்கிறதா சொன்னாரே."

மதுஷா சிரித்தாள். "கடைக்காரங்ககிட்ட மாமா அப்படித்தான் சொல்வாரு. மருமகளைக் கஷ்டப்படுத்துறான்னு பேசுவாங்கள்ல."

ஜீவராணி அவளுடைய கைகளைப் பார்த்தாள். இரண்டு கையிலும் கண்ணாடி வளையல். பத்து விரலும் ஒழுங்காக இருந்தன.

"மிதி சட்டுன்னு மேல வருதா?"

"காலையில வரும். சாறு பட்டுட்டா மெதுவாத்தான் எந்திரிக்கும். நேத்துக் கொஞ்ச நேரம் அப்படியே நின்னிருச்சு, நான் காலால தூக்கிவிட்டேன். மாமா அது அப்படித்தான்னு சொல்றாரு. முன்னாடி இருந்த மொரட்டு ஸ்பிரிங்குக்கு, கம்பி வச்சி மிதியவே கட்டி வச்சிருந்தாரே. அதுக்கு இது எவ்வளவோ தேவலை."

ஜீவராணி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அந்த ஆள் மறுபடியும் கட்டியிருக்கிறார். ஒரு கையைத் தின்ற பிறகும் கட்டியிருக்கிறார். முரட்டு ஸ்பிரிங் போட்டால் கம்பியால் கட்டுவார், மெல்லியதைப் போட்டால் மிதி எழும்பாது. எப்படிப் பார்த்தாலும் மெசினுக்கு முன்னால் நிற்பது ஒரு பெண். இத்தனை வருடம் சேர்த்துவைத்த பழி, ஒன்றும் அறியாத இந்தப் பிள்ளையின் வளையல் கையைத் தேடிப் போயிருக்கிறது.

"இங்க வா," என்று அவள் மதுஷாவை இழுத்துக்கொண்டு போய் எடை பார்க்கும் மேடைத் தராசின் அருகில் நிறுத்தினாள். "ஒரு கால வச்சி மிதிச்சுப் பிடி. நோகாம எவ்வளவு நேரம் முடியுதோ அவ்வளவு."

மதுஷா ஒன்றும் புரியாமல் மிதித்தாள். முள் எங்கே நின்றது, எப்போது கால் நடுங்கியது என்று பார்த்துக்கொண்டு ஜீவராணி கணக்குப் போட்டாள். மிதி எழும்பத் தேவையான பலத்துக்கும் இவள் கால் தாங்கும் பலத்துக்கும் நடுவில் இடைவெளி இருந்தது. சின்ன இடைவெளிதான். அதற்குள் நிற்கும் ஸ்பிரிங்கை அப்போதே சுற்றினாள். விட்டத்தில் தொங்கவிட்டு, மணல் டின்னை மாட்டி, சரிபார்த்தாள். ஸ்பிரிங்கின் மேல் போர்த்த ஒரு துண்டுக் குழாயும், மிதியை இனி யாரும் கட்டிவிடாதபடி அதற்கும் சட்டத்துக்கும் நடுவில் கம்பி நுழையாமல் அடைக்க ஒரு தகடும் வெட்டிக்கொண்டாள். "நானா, நான் லுணுகலைக்குப் போயிட்டு வாறேன்," என்று சொல்லிவிட்டு மதுஷாவோடு பஸ் ஏறினாள்.

பசறையைத் தாண்டும்போது எல்லாவற்றையும் சொன்னாள். கை போன கதையைச் சொன்னாள். அந்த மெல்லிய ஸ்பிரிங்கைத் தெரிந்தே சுற்றியதையும் சொன்னாள். மதுஷா கேட்டுக்கொண்டே இருந்தாள். கேட்டு முடித்ததும் எழுந்து போய், டிரைவருக்குப் பின்னால் வேறு ஆசனத்தில் உட்கார்ந்துகொண்டாள். லுணுகலையில் இறங்கும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. இறங்கிய பிறகு மட்டும், "வாங்க. எனக்கும் அந்த மனுசன்கிட்ட ஒண்ணு கேக்கணும்," என்றாள்.

மாட்டுப்பட்டியில் பால் வாங்க வந்த நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அழகையா சிரித்துக்கொண்டே வந்தார். "அட, ஸ்பிரிங் கடை அம்மா! என்ன இந்தப் பக்கம்?"

"என் பேரு ஜீவராணி," என்றாள் அவள். "தெமோதரை ஸ்டோர்ல கட்டர்ல நின்னவ."

அவர் முகம் செத்துப்போனது. "அது... அது முடிஞ்ச கதையில்ல?"

"எனக்கு முடியல. அந்த மிதியக் கட்டினது யாருன்னு சொல்லுங்க."

"நீதானே கட்டின. விசாரணையிலேயே—"

"மதுஷா, மோட்டாரப் போடு."

மதுஷா ஒரு கணம் மாமனாரைப் பார்த்தாள். பிறகு போட்டாள். மெசின் அதிர்ந்தது. காலையில் வெட்டிய புல்லின் சாறு மிதியின் அச்சில் கறுத்துக் காய்ந்திருந்தது. ஜீவராணி தன் காலால் மிதியை அழுத்தினாள். கத்தி கிர்ரென்று சுற்றியது. காலை எடுத்தாள். மிதி எழும்பவில்லை. கத்தி சுற்றிக்கொண்டே இருந்தது.

"பாத்தீங்களா? இப்ப ஒங்க கைய இந்த வாயில வைங்க."

"பைத்தியமா ஒனக்கு?"

"நம்ம கவனமா இருந்தா மெசின் ஒண்ணும் செய்யாதுன்னீங்களே. வைங்க. இல்ல, யாரு கட்டினதுன்னு சொல்லுங்க."

அவர் விலகப் பார்த்தார். ஜீவராணி அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். வருடக்கணக்காகக் கடைசல் சுற்றிய இடது கை அது. அவர் உதறினார், முடியவில்லை. இழுத்தாள். அவருடைய விரல்கள் மெசின் வாயை நோக்கிப் போயின. பால் வாங்க வந்தவர்கள் கத்தினார்கள். "மதுஷா, மோட்டார நிறுத்து!" என்று அழகையா அலறினார்.

"மொதல்ல பதில் சொல்லுங்க மாமா," என்றாள் மதுஷா.

"நாந்தான்! நாந்தான் கட்டினேன்! நாந்தான் வெட்டி ஒளிச்சு வச்சேன்! விடும்மா, நல்லா இருப்ப, விடும்மா!"

சொன்ன பிறகும் ஜீவராணி கையை விடவில்லை. இன்னும் ஒரு சாண். அவளுடைய உடம்பு முழுக்க அந்த ஒரு சாணையே கேட்டது. மோட்டார் நின்றது அவளால் அல்ல. மதுஷாதான் சுவிட்சை அணைத்தாள்.

"போதும் அக்கா. விடுங்க."

கத்தி நின்ற பிறகுதான் ஜீவராணி விட்டாள். அழகையா சாணத்திலேயே உட்கார்ந்து, தன் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவரைத் தாண்டிப் போய், மெல்லிய ஸ்பிரிங்கைக் கழற்றி, புதியதை மாட்டி, மேலே குழாயைப் போர்த்தி, தகட்டை முடுக்கினாள். அச்சைத் துடைக்கவில்லை. மோட்டாரைப் போட்டு, வாழைத்தண்டு ஒன்றைச் செருகி, மதுஷாவை மிதிக்கச் சொன்னாள். காலை எடுத்ததும் மிதி படக்கென்று எழும்பியது, தண்டு பாதியில் நின்றது.

மதுஷா அன்றே கட்டாரிலிருந்த கணவன் சதீஸ்குமாரிடம் சொல்லிவிட்டாள். தெமோதரைக்குப் போய் லயத்துச் சனங்கள் முன்னால் உண்மையைச் சொல்லாவிட்டால், பெண்டாட்டியை வேறு வீட்டில் வைப்பேன் என்று அவன் தகப்பனிடம் கண்டிப்பாகப் பேசினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அழகையா போனார். ஜீவராணியும் போயிருந்தாள். கோயில் முற்றத்தில் தொழிற்சங்கத் தலைவரும் பெண்களும் கூடி நின்றார்கள். தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "பழைய விசயம், மூடியாச்சு" என்று தோட்டத்து ஆபீஸ் கையை விரித்தது. ஆனால் லயத்தில் அந்தப் பேச்சு மாறியது. அன்றைக்கு வாயைத் திறக்காத பெண்களில் சிலர் அழுதார்கள். இராக்கம்மா முன்னால் வந்து, ஜீவராணியின் விரல்கள் போன கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனாள். ஜீவராணி கையை இழுத்துக்கொண்டாள்.

அழகையா இப்போது மாட்டுக்குத் தானேதான் புல் வெட்டுகிறார் என்று கேள்வி. மதுஷா மெசின் பக்கம் போவதில்லை. அவள் பிறகு ஒரு நாளும் பட்டறைக்கும் வரவில்லை. தன் விரல்களை வைத்து ஒருத்தி பழி தீர்க்கப் பார்த்தாள் என்பதை அவள் மன்னிக்கவில்லை. அதில் ஜீவராணிக்குக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவளும்தான் யாரையும் மன்னிக்கவில்லை.

போன தீபாவளிக்கு லுணுகலை பஸ் கண்டக்டர் பட்டறை வாசலில் வந்து நின்றான். கையில் வாழையிலை கட்டிய தயிர்ச் சட்டி. "அழகையா ஐயா குடுத்துவிட்டாரு. ஒங்களைக் கும்பிட்டதாச் சொல்லச் சொன்னாரு," என்றான்.

"சட்டிய அவருக்கே கொண்டு போய்க் குடுங்க," என்றாள் ஜீவராணி.

"பண்டிகை நாள்மா. வயசான மனுசன்."

"கொண்டு போங்க."

பஸ் ஹோர்ன் அடித்தது. அவன் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.